பதினாறாம் நம்பர் ஸ்பேனர்

அத்தையைப் புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய நாளில் எனக்கு ஒன்பது வயது. ஆனி மாதத்தின் கடைசி நாள் அது. மறுநாள் ஆடி பிறக்கவிருந்தது. அன்றைக்கு நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கை நினைத்து அப்போது பெருமையாக இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவிடம் அப்போது ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. அரியூர் நாட்டிலிருந்து சோளக்காட்டுக்கு மிளகு மூட்டைகளை ஏற்றிப்போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலூர்பட்டிப் படகுத்துறைக்கு வரும் வெளியூர்க்காரர்களைச் சுற்றிக் காட்டுவார். கோளாறு என்றால் மெக்கானிக்கைத் தேடி மலையிலிருந்து எழுபது வளைவுகள் இறங்க வேண்டும். அதனால் சின்ன வேலைகளை அவரே செய்துகொள்வார். சாமான்கள் எல்லாம் ஒரு காக்கித் துணியில் இருந்தன. துணியில் வரிசையாகப் பைகள் தைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பைக்கு மேலும் அதில் இருக்க வேண்டிய ஸ்பேனரின் எண்ணை அத்தை சிவப்பு நூலில் போட்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு செய்த வேலை.

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பா எண்ணைச் சொன்னதும் எடுத்து நீட்டும் வேலை எனக்கு வந்தது. எஞ்சினில் நெருப்புப் பொறி போடும் பிளக்குகளைக் கழற்றும் ஸ்பேனர்கள் மட்டும் மூன்று. மூன்றும் இரும்புக் குழாய்கள். இருபத்தொன்று, எங்களிடம் முன்பு இருந்து விற்றுப்போன வேனுக்கு உரியது. பதினான்கு, யாரோ சுற்றுலா வந்தவர் மறந்து விட்டுப்போனது. காருக்குப் பதினாறு. காரின் பிளக் எஞ்சினுக்குள் ஒரு சாண் ஆழத்தில், குறுகிய குழிக்குள் உட்கார்ந்திருக்கும். இருபத்தொன்று தடிமனானது, குழிக்குள் இறங்காது. பதினான்கு இறங்கும், ஆனால் பிளக்கின் தலையில் உட்காராது. பதினாறு மட்டும் இறங்கி, உட்கார்ந்து, உள்ளே இருக்கும் ரப்பரால் பிளக்கைக் கவ்வும்.

“மாட்டினப்புறம் ஆட்டிப் பாரு கண்ணு,” என்பார் அப்பா. “ஆடுச்சுன்னா அது அளவு இல்லை. அளவு இல்லாததைப் போட்டுத் திருகுனா பீங்கான் உடைஞ்சு உள்ள உழுந்துரும். அப்புறம் எஞ்சினையே பிரிக்கோணும்.”

ஆனி கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்புதான் நான்கு பிளக்கையும் மாற்றினார். நான்தான் பதினாறை எடுத்துக் கொடுத்தேன். கழற்றிய பழைய நான்கும் எனக்குக் கிடைத்தன. மண்ணெண்ணெயில் கழுவி, ஜன்னல் கட்டையில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றுக்கு வெள்ளைப் பீங்கானில் தலைமுடி போல ஒரு விரிசல். அதற்கு நொண்டி என்று பெயர் வைத்து, மற்ற மூன்றையும்விட அதிகமாகக் கவனித்துக்கொண்டேன்.

அத்தைக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஆட்கள்தான். இரண்டு தலைமுறைக்கு முன்பு கீழே இறங்கி, அடிவாரத்துக்கு அப்பால் கிணறு வெட்டித் தோட்டம் போட்டவர்கள். ஆனி நடுவில் ஒரு மத்தியானம், பஸ்ஸிலிருந்து அத்தை தனியாக இறங்கி வந்தாள். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதில் ஒரு சேலையும் சீப்பும் இருந்தன. அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். யாராவது பேசினால் அத்தை முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டினாள். இடது காது கேட்கவில்லை. கண்ணாமூச்சி விளையாடும்போது இது எனக்கு வசதியாக இருந்தது. இடது பக்கமாகப் போனால் அவளால் என்னைக் கண்டுபிடிக்க முடியாது.

அத்தையின் புருஷனை நான் மாமா என்பேன். மரியாதையான மனிதர். என்னைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவரும் அவருடைய அக்காவும் பிஸ்கட் பாக்கெட்டுகளோடு வந்தார்கள். பெரியப்பா வீட்டு வாசலில் பேச்சு நடந்தது. அப்பாவுக்கு அண்ணன், வீட்டுக்கு மூத்தவர் என்பதால் முடிவு பெரியப்பாவுடையது.

“ஆடி கழியட்டுமுங்களே,” என்றார் அப்பா. அந்தப் பேச்சில் அவர் சொன்னதாக என் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

மாமாவின் அக்கா அதற்குப் பதில் வைத்திருந்தாள். “ஆடிக்கு நீங்க முறையா வந்து அழைச்சுட்டுப் போங்க, நாங்க வேண்டாங்கல. அவளாக் கோவிச்சுட்டு வந்ததை ஆடிக்கு வந்த கணக்குல சேத்தாதீங்க. எங்க ஊருல நாலு பேரு கேக்கறாங்கல்ல?”

கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைப்பது வழக்கம். ஆடி பிறக்கும்போது பெண் தாய் வீட்டில் இருந்துவிட்டால், ஆவணி பிறக்காமல் யாரும் அனுப்பச் சொல்ல மாட்டார்கள். பெரியப்பாவே அனுப்ப மாட்டார். அந்த ஒரு மாதத்தில் நாமக்கல்லுக்குக் கூட்டிப்போய்க் காதைக் காட்டிவிடலாம் என்று அம்மா அடுப்படியில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஏதாவது வழி பிறக்கும் என்றாள்.

பெரியப்பா ஆனி கடைசி நாளுக்கு வாக்குக் கொடுத்தார். “எனக்கும் ரெண்டு பொண்ணு நிக்குது,” என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். அது உண்மைதான். இரண்டு அக்காக்களும் அந்த வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

அதுவரை மாமாவும் அவருடைய அக்காவும் பெரியப்பா வீட்டிலேயே தங்கினார்கள். கடைசி நாள் மூன்று மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. கீழே போகும் கடைசி பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு நாலரைக்கு வரும். அதில் போய்க்கொள்கிறோம் என்று மாமா சொன்னபோது அப்பாதான் தடுத்தார்.

“பொண்ணை பஸ்ஸுல அனுப்புனா நல்லாவா இருக்கும் மாப்ள? வண்டி இருக்குது. நானே கொண்டாந்து விடறேன்.”

பெரியப்பாவுக்கு அது பிடித்திருந்தது. தம்பி கடைசியில் ஒத்துவந்துவிட்டான் என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது.

மூன்று மணிக்கு அப்பா சாவியைத் திருப்பினார். கார் கிளம்பியது, ஆனால் உடம்பு முழுக்க நடுங்கியது. பானெட் மேலே வைத்திருந்த துணி தானாக நகர்ந்து கீழே விழுந்தது. அப்பா அணைத்துவிட்டு இறங்கினார்.

“நாலுல ஒண்ணு அடிக்கலைங்க,” என்றார். “பிளக்கா இருக்கும். சித்த இருங்க, பாத்தர்றேன்.”

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். வேகமாக வேலை செய்கிற மனிதர். அன்று ஒரு வயரைத் துடைக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் மற்ற நாளில் காரையே துடைத்திருப்பார். மாமா கடிகாரத்தைப் பார்த்தார்.

“பஸ்ஸுக்கே போயிறலாமுங்களா மச்சான்?”

“ஆச்சுங்க மாப்ள. இந்தா, அஞ்சு நிமிசம்.”

நாலரைக்கு ரோட்டில் பஸ் ஹாரன் அடித்து நின்று, யாரையும் ஏற்றாமல் போனது. மரவள்ளிக் காட்டுக்கு மேலாக அதன் கூரை நகர்வது தெரிந்தது. அது வளைவில் மறைந்த பிறகுதான் அப்பா காக்கித் துணியைப் பிரித்தார். ஊரில் இருந்த இன்னொரு வண்டி மிளகு வியாபாரியின் ஜீப். அது காலையிலேயே கீழே போயிருந்தது.

அப்பா என்னிடம் எண் எதுவும் சொல்லவில்லை. அவரே இருபத்தொன்றை உருவி, குழிக்குள் விட்டுப் பார்த்தார். விளிம்பில் தட்டி நின்றது. பதினான்கை விட்டார். அது இறங்கி, தலையில் உட்காராமல் கடகடவென்று ஆடியது. எல்லோரும் பார்க்கிற மாதிரி ஆட்டிக் காட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

“அளவு ஸ்பேனர் இல்லீங்க. எங்கயோ உழுந்துருச்சு போல. சேந்தமங்கலம் போனாத்தான் வாங்க முடியும்.”

“இப்படியே மெதுவா எறங்குனா என்னடா?” என்றார் பெரியப்பா.

“மூணு பிளக்குலயே எறங்கி நடு வளைவுல நின்னுபோச்சுன்னா? பின்னால வர்ற லாரிக்கு யாருண்ணா பதில் சொல்றது? தங்கச்சி வண்டிக்குள்ள இருப்பா.”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். காற்று நன்றாக வீச ஆரம்பித்திருந்தது. பாதை தெளிவாகத் தெரிவது இன்னும் ஒரு மணி நேரத்துக்குத்தான். பிறகு மூடுபனி இறங்கிவிடும், யாரும் வண்டியை எடுக்கச் சொல்ல மாட்டார்கள். விடிந்தால் ஆடி.

நான் காக்கித் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்குக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் ஒரு பை காலியாக இருந்தது. அதன் மேல் சிவப்பு நூலில் பதினாறு. பத்து நாளைக்கு முன்பு அந்தப் பைக்குள் நானே திருப்பி வைத்தேன். அப்பா தொலைத்துவிட்டார், கேட்கவும் வெட்கப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் தேடப் போனேன்.

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பரணில் பார்த்தேன். ஜன்னல் பக்கம் போனபோது கட்டையில் மூன்று பிளக்குகள்தான் நின்றன. நொண்டியைக் காணோம். இப்போது தேட வேண்டிய பொருள் இரண்டாகிவிட்டது.

உள் அறையில் அத்தை புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தாள். மாமாவின் அக்கா பின்னால் உட்கார்ந்து அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அறை மூலையில் சாமை வைக்கும் தகர டின். அதன் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. எலிக்குப் பயந்து அம்மா அந்த மூடியை எப்போதும் தட்டி மூடுவாள். நான் மூடியை எடுத்துவிட்டுக் கையை உள்ளே விட்டேன். முழங்கை வரை போனபோது இரும்பு தட்டுப்பட்டது.

சாமை உதிர உதிர அதை வெளியே எடுத்தேன். “கண்டுபிடிச்சிட்டேன் அத்தை,” என்றேன்.

அத்தை என் கையில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஐந்தாறு நொடிகள் இருக்கும். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். அவளுடைய கை ஈரமாக இருந்தது.

“என்ன புள்ள அது?” என்றாள் மாமாவின் அக்கா.

“பிளக்கு ஸ்பேனருங்க. இது இல்லாமத்தான் வண்டி நிக்குது.”

“அப்ப வெசையா ஓடு, கொண்டுபோய்க் குடு. ஏம்மா, புள்ளையை விடு. எதுக்குப் புடிச்சு வெச்சிருக்கற?”

அத்தை விட்டாள். மணிக்கட்டில் நான்கு விரல் தடம் வெள்ளையாகத் தெரிந்து, நான் வாசலுக்கு வருவதற்குள் மறைந்தது.

அப்பா சாமான்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்பேனரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், ஸ்பேனரைப் பார்த்தார், அதன் குழாய் வாயில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டு சாமையைப் பார்த்தார்.

“அது வேற வண்டியோடது கண்ணு. கொண்டுபோய் எடுத்த எடத்துல வெய்யி.”

“இல்லப்பா,” என்றேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, குரலை உயர்த்தினேன். “இருபத்தொண்ணுதான் வேற வண்டியோடது, பழைய வேனுக்கு. இதுக்குப் பதினாறு. போன வாரம்கூட இதுலதான கழட்டுனீங்க? வேணும்னா மாட்டிட்டு ஆட்டிப் பாருங்க, ஆடாது.”

மாமா சிரித்தார். என் கையிலிருந்து ஸ்பேனரை அவர் வாங்கி, சாமையைத் தட்டிவிட்டு, அப்பாவிடம் நீட்டினார்.

“புள்ளைக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியல பாருங்க. போட்டுத்தான் பாருங்களேன் மச்சான்.”

பெரியப்பா எழுந்து வந்து பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

ஸ்பேனர் குழிக்குள் இறங்கியது. உட்கார்ந்தது. ஆடவில்லை. அப்பா திருகி மேலே எடுத்தபோது ரப்பரில் கவ்வியபடி பிளக் வந்தது. வெள்ளைப் பீங்கானில் தலைமுடி போல விரிசல். ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது, அது என் நொண்டி. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா அதை உள்ளங்கையில் மூடிக் கால்சட்டைப் பைக்குள் போட்டார். சட்டைப் பையிலிருந்து இன்னொரு பிளக்கை எடுத்தார். புதியது. பெரியப்பா அந்தப் பிளக்கைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“போட்டு முறுக்குடா,” என்றார் பெரியப்பா.

அப்பா கையால் திருகி, அது உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் கால் சுற்று முறுக்கினார். கார் இந்தத் தடவை நடுங்காமல் ஓடியது. நான்கும் அடித்தன.

“கெட்டிக்காரி,” என்றார் மாமா. “எஞ்சினியருக்குப் படிக்க வெய்யுங்க.” மிச்சமிருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்து எனக்குக் கொடுத்தார்.

அத்தை பின் சீட்டில் ஏறினாள். ஜன்னலோரம், இடது பக்கம். மாமாவின் அக்கா அவளுக்கு அடுத்து உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய் ஜன்னலருகில் நின்று, “அத்தை, ஸ்பேனர் இருந்த எடத்தை நான்தான் கண்டுபிடிச்சேன், வேற யாருக்கும் தெரியல,” என்றேன். அவள் திரும்பவில்லை. அது அவளுடைய இடது காது என்பது கார் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

ஆடி முதல் வாரத்தில் அப்பா முறைப்படி அழைக்கப் போனார். பதினெட்டு கழியட்டும், அனுப்புகிறோம் என்றார்கள். பதினெட்டு கழிந்து நான்காம் நாள் காலையில் பெரியப்பாவின் செல்போனுக்குத் தகவல் வந்தது. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அத்தை தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். கல்யாணமாகி ஏழு மாதம்தான் என்பதால் விசாரணை நடந்தது. சந்தேகம் இல்லை என்று பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பாவும் கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு அக்காக்களுக்கும் அடுத்தடுத்த வருடங்களில் கல்யாணம் நடந்தது.

பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு, கிணற்றில் தவறி விழுந்த இளம்பெண்களைப் பற்றி இரண்டு பத்திச் செய்திகள் பல எழுதியிருக்கிறேன். பெயர், வயது, ஊர், கல்யாணமாகி எத்தனை மாதம், விசாரணை நடக்கிறது. இடது காது கேட்காது என்பது போன்ற விவரங்களுக்கு அதில் இடம் இருப்பதில்லை. தவறி விழுந்ததை யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷனுக்குப் போன் செய்து கேட்கிறேன். இதுவரை ஒருவரும் பெயர் சொன்னதில்லை.

அத்தை இறந்த பிறகு அப்பா கடைசி வரைக்கும் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அதன் பிறகு காரில் வேலை செய்யும்போது அவர் எண்ணைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதும் இல்லை. குனிந்து, துணியிலிருந்து அவரே எடுத்துக்கொள்வார்.

அத்தையை விட்டுவிட்டு வந்த மறுநாள் காலை, ஆடி ஒன்றாம் தேதி, அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன். ராத்திரி முழுக்க எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

“நொண்டி என்னோடதுப்பா. எனக்குத்தான் குடுத்தீங்க. என்கிட்டக் கேக்காம எதுக்கு எடுத்தீங்க?”

அப்பா துணியை வாளியில் போட்டார். கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, பிளக்கை எடுத்து, ஈரத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு என் கையில் வைத்தார்.

“ஆமாங் கண்ணு,” என்றார். “உன்கிட்டச் சொல்லிட்டு எடுத்திருக்கோணும். தப்புத்தான்.”

பெரியவர்கள் என்னிடம் தப்பை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. பரவாயில்லப்பா என்று சொல்லிவிட்டு, நொண்டியைக் கொண்டுபோய் மற்ற மூன்றோடு நிறுத்தி வைத்தேன்.